அறுகம்புல்லும் பூட்டிய படலையும்: கொல்ஃப் திடல் ஓர் அறிமுகம்

பங்குனி முடிகிற நாட்களில் யாழ்ப்பாணத்தில் பச்சைப் புல்லைக் காண வேண்டுமென்றால் கிணற்றடிக்குத்தான் போகவேண்டும். முற்றவெளி வெளிறிக் கிடக்கும். எங்கள் வளவின் வேலியோரப் புல் காலில் குத்தும். அப்படி ஓர் இரவில்தான், கைப்பேசியில் அமெரிக்காவின் மாஸ்டர்ஸ் கொல்ஃப் போட்டியைப் பார்த்துக்கொண்டிருந்த என் மருமகன் திரையை என் பக்கம் திருப்பிக் கேட்டான்: “மாமா, இது உண்மையான புல்லோ, இல்லாட்டிப் பெயின்ற் அடிச்சு வச்சிருக்கினமோ?”

உண்மையான புல்தான் என்றேன். அவன் விடவில்லை. அந்தப் பச்சை எப்படி வருகிறது, யார் அதற்கு உழைக்கிறார்கள், அந்தப் படலைக்குள் யாரை விடுவார்கள், யாரை விடமாட்டார்கள் என்று கேள்விகள் நீண்டன. கொல்ஃப் மட்டையைக் கையால் தொட்டிராத ஒருவருக்கும் விளங்கும்படி அவற்றுக்கான பதில்களை இங்கே எழுதுகிறேன்.

விளையாட்டு எளியது. சிறிய பந்து ஒன்றை மட்டையால் அடித்து அடித்துத் தூரத்திலுள்ள குழிக்குள் விழுத்தவேண்டும். குறைந்த அடிகளில் விழுத்துபவர் வெல்கிறார். (காணி உறுதி வாசித்துப் பழகிய யாழ்ப்பாணத்தாருக்குக் குழி என்றால் நில அளவு. இங்கே சொல்வது நிலத்தில் தோண்டிய குழியை.) முழுத் திடல் ஒன்றில் 18 குழிகள் இருக்கும். ஒவ்வொரு குழிக்கும் முதல் அடி அடிக்கும் இடம் ‘டீ’. அங்கிருந்து குழியின் திசையில் நீண்டு போகும், கட்டையாக வெட்டிய புல்வழி ‘ஃபெயார்வே’. அதன் இரு பக்கமும் வளர விட்ட புல் ‘ரஃப்’. அதற்குள் பந்து போனால் வெளியே எடுப்பது கஷ்டம். கடைசியில், குழி இருக்கும் இடத்தில், மிக நெருக்கமாக வெட்டிய புல்தரை ‘கிரீன்’. வழியில் மணல் நிரப்பிய பள்ளங்களும் வரும். அவற்றின் பெயர் ‘பங்கர்’. அந்தச் சொல்லைக் கேட்டதும் எங்கள் தலைமுறைக்கு வளவுக்குள் வெட்டி, பனங்குற்றி அடுக்கி, ஷெல்லுக்குப் பயந்து பதுங்கிய கிடங்குதான் நினைவுக்கு வரும். கொல்ஃப் ஆடுபவர்களுக்கு அது பந்து மாட்டிக்கொள்ளும் இடம்.

நன்றாக ஆடும் ஒருவருக்கு ஒரு குழிக்கு எத்தனை அடி போதும் என்று முன்கூட்டியே குறித்திருப்பார்கள். பெரும்பாலும் 3, 4 அல்லது 5. அதுதான் ‘பார்’. பதினெட்டுக் குழிகளின் பாரையும் கூட்டினால் அனேகமாக 72 வரும். ஆரம்பத்துக்கு இவ்வளவு தெரிந்தால் போதும்.

இந்த விளையாட்டு பிறந்த நிலத்தை விளங்கிக்கொள்ள ஸ்கொட்லாந்துக்குப் போகத் தேவையில்லை, மணற்காட்டுக்குப் போனால் போதும். வடமராட்சியின் கிழக்குக் கரையில், கடலுக்கும் ஊருக்கும் நடுவே மணல் மேடுகள் எழுந்து விழுந்து கிடக்கின்றன. உழுவதற்கு ஆகாத நிலம். உப்புக் காற்று. ஆங்காங்கே மணலைப் பிடித்துக்கொண்டிருக்கும் கொடியும் புல்லும். ஸ்கொட்லாந்தின் கிழக்குக் கரையிலும் இப்படி ஒரு நிலம் உண்டு. அதை ‘லிங்ஸ்’ என்பார்கள். பயிருக்கு உதவாததால் அது ஊருக்குப் பொதுவாகக் கிடந்தது. ஆடுகளும் முயல்களும் மேய்ந்து புல்லைக் கட்டையாக வைத்திருந்தன. குளிர் காற்றுக்கு ஒதுங்கி ஆடுகள் படுத்த பள்ளங்களே நாளடைவில் பங்கர்களாயின என்று அங்கே சொல்வார்கள். நெடுந்தீவில் குதிரைகள் மேய்கிற வெளியில் நடந்தவர்களுக்கு இது உடனே புரியும். அங்கே புல் தரையோடு தரையாக நிற்கும். அதை எவரும் இயந்திரம் கொண்டு வெட்டுவதில்லை.

1457இல் ஸ்கொட்லாந்து நாடாளுமன்றம் கொல்ஃபுக்கும் காற்பந்துக்கும் தடை போட்டது. நாட்டைக் காக்க வில்வித்தை பழகவேண்டிய ஆட்கள் இவற்றிலேயே பொழுதைப் போக்குகிறார்கள் என்பது காரணம். அரசு தடை போடுமளவுக்கு அது சனங்களின் விளையாட்டாக இருந்திருக்கிறது. எழுத்தில் முதல் விதிகள் 1744இல் எடின்பரோவுக்குப் பக்கத்து லீத்தில் வந்தன. சென் அன்ட்ரூஸ் ஊரின் திடலில் ஒரு சுற்றுக்கு 22 குழிகள் இருந்தன. 1764இல் அவற்றை 18 ஆக்கினார்கள். உலகம் அதையே பிடித்துக்கொண்டது. அந்தப் பழைய திடல் இன்றும் பொது நிலம். பெரும்பாலான ஞாயிற்றுக்கிழமைகளில் ஆட்டத்தை நிறுத்திவிடுவார்கள். ஊர்க்காரர்கள் பிள்ளைகளோடும் நாய்களோடும் அதன் மேல் உலாவுவார்கள், நாங்கள் பின்னேரத்தில் முற்றவெளியில் காற்று வாங்குவது போல.

எனக்கு முக்கியமாகப் படுவது இதுதான். கொல்ஃப் பொது வெளியில் பிறந்தது. பூட்டிய படலையும் சரி, குறையே தெரியாத பச்சையும் சரி, பிறகு வந்து ஒட்டிக்கொண்டவை. அவை இல்லாமலும் கொல்ஃப் உண்டு.

பச்சையை முதலில் பார்ப்போம். 1830இல் இங்கிலாந்தில் எட்வின் பட்டிங் என்பவர் புல்வெட்டும் இயந்திரத்தைக் கண்டுபிடித்தார். அதுவரை ஆடும் அரிவாளும் செய்த வேலையை உருளும் கத்தி எடுத்துக்கொண்டது. இன்று ஒரு நல்ல திடலின் கிரீனில் புல்லின் உயரம் ஏறக்குறைய 3 மில்லிமீற்றர். ஒரு நெல்மணியைத் தரையில் படுக்கவைத்தால் அவ்வளவுதான் இருக்கும். பந்து எவ்வளவு தூரம் வழுக்கி ஓடுகிறது என்று அளக்கவும் கருவி உண்டு. 1935இல் எட்வர்ட் ஸ்டிம்சன் என்ற அமெரிக்கர் அதை உருவாக்கினார். சரிவாகப் பிடித்த ஒரு தவாளிப்புச் சட்டத்திலிருந்து பந்தை உருள விட்டு, அது எத்தனை அடி தூரம் போய் நிற்கிறது என்று பார்க்கிறார்கள். 10 அடி போனால் வேகமான கிரீன். பெரிய போட்டிகளில் 12, 13 அடி வரையும் கொண்டுபோவார்கள்.

கிரிக்கெட் பெரிய போட்டி ஒன்றுக்கு முன் பிட்ச் தயாராவதைப் பார்த்திருப்பீர்கள். தண்ணீர் விட்டு, உருளை இழுத்து, திரும்பத் திரும்ப வெட்டி, கயிறு கட்டி யாரும் மிதிக்காமல் காப்பார்கள். 22 யார் நீளத் துண்டுக்கே அவ்வளவு பாடு. கொல்ஃப் கிரீன் ஒன்று எங்கள் கணக்கில் ஏறக்குறைய இரண்டு பரப்பு (ஓர் ஏக்கருக்குப் பதினாறு பரப்பு). அப்படிப் பதினெட்டு, வருடம் முழுவதும்.

இந்த உழைப்பை நுவரெலியாவில் ஒரு தை மாதக் காலையில் நான் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். 1889இல் தொடங்கிய கழகத்தின் திடல் அங்கே ஊருக்குள்ளேயே இருக்கிறது. முதல் நாள் இரவு துகள்பனி கொட்டியிருந்தது. புல்லில் கால் வைக்கப் போன என்னை வேலையாள் ஒருவர் கை காட்டி நிறுத்தினார். “பனியோட மிதிச்சீங்கன்னா அந்த எடம் கருகிடும் தம்பி. வெயில் ஏறட்டும்.” வெயில் ஏறியதும் அவரோடு கிரீன் ஓரம் வரை போனேன். அவர் கையில் அகலமான இரும்புக் குழாய், மேலே குறுக்குப் பிடி. அதைத் தரையில் ஊன்றித் திருகித் திருகி இறக்கி, மெல்ல மேலே இழுத்தார். குழலிலிருந்து பிட்டைத் தள்ளுவது போலப் புல்லும் மண்ணுமாக ஒரு துண்டு வெளியே வந்தது. அதை முதல் நாள் குழிக்குள் இறக்கி, உள்ளங்கையால் அமத்தி, போத்தலிலிருந்து கொஞ்சம் தண்ணீர் ஊற்றினார். அவர் எழுந்த பிறகு பழைய குழி எங்கே இருந்தது என்று என்னால் சொல்ல முடியவில்லை. ஒரே இடத்தில் குழி இருந்தால் அதைச் சுற்றி மிதிபட்டே புல் செத்துவிடும், அதனால்தான் இடம் மாற்றுகிறோம் என்றார். குழியின் அளவு மட்டும் மாறாது. விட்டம் 108 மில்லிமீற்றர், ஏறக்குறைய ஒரு சிரட்டையின் வாயளவு. 1891இல் அது விதியானது.

சரி, என்ன புல்? இதைச் சொன்னபோதுதான் மருமகன் கண்ணை அகல விரித்தான். வெப்பமான நாடுகளின் திடல்களில் மிகுதியாகப் பயன்படுவது ‘பெர்மூடா’ என்று அவர்கள் அழைக்கும் புல். தாவரவியலில் அதன் பெயர் சைனோடன் டக்டிலோன். எங்கள் அறுகுதான் அது. மார்கழியில் சாணகப் பிள்ளையாருக்குக் குத்துகிற அதே அறுகு. அதை ஆபிரிக்க அறுகு இனம் ஒன்றோடு கலந்து, இன்னும் மெல்லிய இலையும் நெருக்கமான வளர்ச்சியும் உள்ள வகைகளை அமெரிக்காவின் ஜோர்ஜியா மாநிலத்தில் டிஃப்டன் என்ற ஊரிலுள்ள ஆராய்ச்சி நிலையத்தில் உருவாக்கினார்கள். மிதித்தாலும் வெட்டினாலும் தரையோடு படர்ந்து மீண்டும் எழும் குணம் அறுகின் பிறவிக்குணம். கொல்ஃபுக்கு வேண்டியது அதுதான். அந்தத் திடல்களைப் பராமரிப்பவர்களைப் படாதபாடு படுத்தும் களைகளில் ஒன்று கோரை. தோட்டம் செய்கிற எவருக்கும் கோரையைப் பற்றி நான் சொல்லவேண்டியதில்லை. மேலே பிடுங்கினால் கீழே கிழங்கு இருந்து முளைக்கும்.

மருமகன் பார்த்த திடல் ஜோர்ஜியாவிலேயே உள்ள ஒகஸ்டா நஷனல். பழமரக் கன்றுகளும் பூச்செடிகளும் வளர்த்து விற்ற நாற்றுமேடை நிலத்தை வாங்கி, பொபி ஜோன்ஸ் என்ற புகழ்பெற்ற ஆட்டக்காரரும் கிளிஃபர்ட் ரொபர்ட்ஸ் என்ற முதலீட்டாளரும் 1930களின் தொடக்கத்தில் அமைத்தார்கள். மாஸ்டர்ஸ் போட்டி 1934இல் தொடங்கியது. அங்கே குழி ஒவ்வொன்றுக்கும் ஒரு செடியின் அல்லது மரத்தின் பெயர். ஃபெயார்வேயில் அடியில் இருப்பது அறுகு. குளிர் தொடங்கும்போது அறுகு பழுத்து உறங்கிவிடும் என்பதால், இலையுதிர் காலத்தில் அதன் மேல் குளிர் தாங்கும் ரை புல்லை விதைக்கிறார்கள். திரையில் நாங்கள் பார்க்கும் பச்சை அந்த ரை புல்லின் பச்சை. கிரீன்களுக்கு அடியில் குழாய்களைப் பதித்து, மண்ணின் ஈரத்தை உறிஞ்சி எடுக்கவும் வேருக்குக் காற்றுச் செலுத்தவும் இயந்திரம் வைத்திருக்கிறார்கள். கோடை முழுக்கத் திடலை மூடிவிடுவார்கள். ஏப்ரலில் ஒரு வாரம் உலகத்துக்கு முன்னால் மின்னுவதற்காக ஒரு வருடம் உழைக்கிறார்கள்.

1966இல் மாஸ்டர்ஸ் முதல்முறையாகத் தொலைக்காட்சியில் வண்ணத்தில் ஒளிபரப்பானது. பச்சைப் புல், வெள்ளை மணல், இளஞ்சிவப்புப் பூக்கள். பார்த்தவர்கள் தங்கள் ஊர்த் திடலும் அப்படி இருக்கவேண்டும் என்று கேட்கத் தொடங்கினார்கள். அந்த ஊரின் மண் வேறு, மழை வேறு, காசு வேறு என்பதை யாரும் எண்ணவில்லை. திடல் பராமரிப்பவர்கள் இதை ஒரு நோய் என்றே சொல்கிறார்கள். பெயரும் ‘ஒகஸ்டா நோய்’. ஒரு துளி பழுப்பு தெரிந்தாலும் தண்ணீர், உரம், பூசண மருந்து என்று கொட்டவைக்கும் நோய் அது.

இனிப் படலை. ஒகஸ்டாவில் சேர விண்ணப்பிக்க முடியாது. அவர்களாக அழைத்தால்தான் உண்டு. உறுப்பினர்களுக்குப் பச்சை நிறக் கோட், போட்டியில் வென்றவருக்கும் அதே கோட். போட்டி பார்க்கப் போகிறவர்கள் கைப்பேசி கொண்டுபோக முடியாது, ஓடவும் கூடாது. இது ஓர் உச்சம். உலகின் மற்றத் தனியார் கழகங்களிலும் இதே குணம் கூடியோ குறைந்தோ இருக்கும்: உறுப்பினர் ஒருவர் முன்மொழியவேண்டும், இன்னொருவர் வழிமொழியவேண்டும், ஆண்டுக்கணக்கில் காத்திருக்கவேண்டும், கொலர் வைத்த சட்டை போடவேண்டும், ஜீன்ஸ் கூடாது. இலங்கையில் கொழும்பின் கழகம் 1879இல், ஆங்கிலேயர் காலத்தில் தொடங்கியது. களனிவெளி ரயில் பாதை அந்தத் திடலின் ஊடாகப் போகிறது. வேலைக்குப் போகிற சனம் ரயில் பெட்டியில் நெருக்கியடித்து நின்றபடி அந்தப் பச்சையைக் கண்ணால் பார்த்துப் போகும். கண்டிக்குப் பக்கத்தில் திகணயிலும் அம்பாந்தோட்டையிலும் புதிய திடல்கள் வந்தன. திருகோணமலை சீனக்குடாவில் விமானப்படையின் திடல் இருக்கிறது.

வேலி என்றால் என்ன என்று யாழ்ப்பாணத்தாருக்குப் பாடம் எடுக்கத் தேவையில்லை. கதியால் ஒரு சாண் தள்ளி நட்டதற்கு வழக்காடிய ஊர் இது. ஆனால் கழக வேலிகள் காணியை மட்டும் காக்கவில்லை. அமெரிக்கத் தொழில்முறை கொல்ஃப் சங்கத்தின் விதிகளில் வெள்ளையருக்கு மட்டுமே உறுப்புரிமை என்ற வாசகம் 1961 வரை இருந்தது. ஒகஸ்டாவில் உறுப்பினர்களின் பையைச் சுமந்தவர்கள் கறுப்பினத்தவர். மாஸ்டர்ஸ் போட்டியில் கறுப்பினத்தவர் ஒருவர், லீ எல்டர், ஆடியது 1975இல்தான். முதல் கறுப்பின உறுப்பினரை 1990இல் சேர்த்தார்கள். பெண்களுக்கு 2012 வரை இடமில்லை. அந்த ஆண்டு அமெரிக்காவின் முன்னாள் வெளியுறவுச் செயலர் கொண்டலீசா ரைஸும் தொழிலதிபர் டார்லா மூரும் சேர்ந்தார்கள். ஸ்கொட்லாந்திலும் இதே கதைதான். பொது வெளியில் பிறந்த விளையாட்டுக்கு விதி வகுத்த சென் அன்ட்ரூஸ் கழகம் பெண்களை ஏற்க 2014 வரை எடுத்தது. மியூர்ஃபீல்ட் கழகம் 2016இல் வாக்கெடுத்து மறுத்தது. பிரித்தானியாவின் பெரிய கொல்ஃப் போட்டியான ஓபனை இனி அங்கே நடத்தமாட்டோம் என்று அதை நடத்துபவர்கள் அறிவித்த பிறகு, 2017இல் மறுபடி வாக்கெடுத்து ஏற்றது.

இதைப் படித்து எங்கோ தூரத்துச் சங்கதி என்று நாங்கள் இருந்துவிட முடியாது. 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில், உள்ளே போய்க் கும்பிட உரிமை கேட்டு ஒடுக்கப்பட்ட மக்கள் போராடினார்கள். இங்கே வாசலை மறித்து நின்றவர்களும் வழமை என்றுதான் சொன்னார்கள். அங்கேயும் அதே சொல்தான்.

ஆனாலும் இந்தப் பண்பாட்டில் நான் மனதார மதிக்கிற ஒன்று இருக்கிறது. கொல்ஃபில் பெரும்பாலான நேரம் நடுவர் பக்கத்தில் நிற்பதில்லை. உன் அடியை நீயே எண்ணவேண்டும், உன் தவறை நீயே சொல்லவேண்டும். 1925இல் அமெரிக்க ஓபன் போட்டியில், ரஃபில் கிடந்த தன் பந்து அடிக்க ஆயத்தமானபோது சற்று அசைந்துவிட்டது என்று பொபி ஜோன்ஸ் தானே முன்வந்து சொல்லித் தன் கணக்கில் ஒரு அடியைக் கூட்டிக்கொண்டார். வேறு எவரும் அதைப் பார்க்கவில்லை. கடைசியில் ஆட்டம் சமநிலையில் முடிந்து, அடுத்து நடந்த தீர்மான ஆட்டத்தில் அவர் தோற்றார். பெயர்ந்த புல்லைத் திரும்ப வைத்து அமத்துவது, பங்கர் மணலில் தன் கால்தடத்தை வாரியால் இழுத்து அழித்துவிட்டு வெளியேறுவது, அடுத்தவர் அடிக்கும்போது மூச்சுக் காட்டாமல் நிற்பது, இவையும் அங்கே மரியாதை. இந்த மரியாதைக்குப் படலை வேண்டியதில்லை. எந்த மைதானத்திலும் பழகலாம்.

கடைசியாகத் தண்ணீர். யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுபவன் இதைத் தொடாமல் விடமுடியாது. 18 குழித் திடலுக்கு ஏறக்குறைய 150 ஏக்கர் வேண்டும், எங்கள் கணக்கில் 2400 பரப்பு. அதில் பாதிக்கு மட்டும் தண்ணீர் விடுவதாக வைப்போம். கோடையில் நாளொன்றுக்கு 5 மில்லிமீற்றர் என்றாலே 15 இலட்சம் லீற்றர் வந்துவிடும். ஆயிரம் லீற்றர்த் தாங்கிகள் 1500. ஒரு நாளைக்கு. எங்களுக்கு வற்றாத ஆறு கிடையாது. வழுக்கையாறு மாரியில் மட்டும் ஓடும். ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்கிற மழை சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கி, கடல் நீருக்கு மேல் ஒரு மெல்லிய நன்னீர்ப் படையாக மிதக்கிறது. துலாவால் இறைத்த காலத்தில் அது தாங்கியது. மோட்டார் போட்டு அளவுக்கு மீறி இறைத்தால் கீழிருந்து உப்பு ஏறும். போட்ட உரம் செம்மண்ணின் ஊடாக நேரே கிணற்றுக்குப் போகும். வலிகாமத்துக் கிணறுகளில் நைத்திரேற்று கூடியிருப்பதற்குத் தோட்ட உரமும் ஒரு முக்கிய காரணம். கம்பளப் பச்சைக்கான உரமும் அதே வழியால்தான் போகும். எனவே ஒகஸ்டா மாதிரித் திடல் ஒன்றை இந்த மண்ணில் போடவே கூடாது என்பது என் உறுதியான கருத்து.

ஆனால் பச்சை இல்லாமலே கொல்ஃப் நடக்கிறது. 2006இல் இங்கிலாந்தின் ஹொய்லேக்கில் ஓபன் போட்டி நடந்தபோது வெயிலில் திடல் முழுதும் வைக்கோல் நிறமாகிக் கிடந்தது. டைகர் வூட்ஸ் அதில்தான் வென்றார். காய்ந்த தரையில் பந்து ஓடும் ஓட்டத்தைக் கணக்கிட்டே ஆடினார். அமெரிக்காவின் பைன்ஹர்ஸ்டில் இரண்டாம் இலக்கத் திடலைச் சீரமைத்தபோது 35 ஏக்கரளவு புல்லை உரித்தெடுத்துவிட்டு, மணலும் ஊர்ச்செடிகளும் இருக்க விட்டார்கள். தண்ணீர்ச் செலவு வெகுவாகக் குறைந்தது. 2014இல் அமெரிக்க ஓபன் அங்கே நடந்தது. வளைகுடா நாடுகளிலும் ஆஸ்திரேலியாவின் வறண்ட ஊர்களிலும் கிரீனுக்குப் பதில் எண்ணெய் கலந்து இறுக்கிய மணல்தரை போட்டு ஆடியிருக்கிறார்கள். வளைகுடாவில் அதற்கு ‘பிரவுன்’ என்று பெயர்.

இவ்வளவையும் மருமகனுக்கு இரண்டு மூன்று இரவுகளில் சொல்லி முடித்தேன். அடுத்த நாள் பின்னேரம் வளவின் பின்பக்கம் சத்தம் கேட்டுப் போனால், மாமரத்தடியில் தேங்காய்ச் சிரட்டை ஒன்றை வாய் மட்டத்துக்குத் தாட்டு வைத்திருந்தான். கையில் அப்புவின் பழைய குடை, வளைந்த பிடி கீழே இருக்கும்படி தலைகீழாகப் பிடித்திருந்தான். ரெனிஸ் பந்து காய்ந்த தரையில் சருகைத் தள்ளிக்கொண்டு ஓடிச் சிரட்டையைத் தாண்டியது. திரும்ப அடித்தான், தாண்டியது. மூன்றாவது அடியில் உள்ளே விழுந்தது.

“மூண்டு அடி. கெட்டிக்காரன்” என்றேன்.

“இல்லை மாமா, நாலு” என்றான். “நீங்கள் வர முதல் ஒண்டு அடிச்சனான்.”